தொட்டிப் பனை வளர்ப்பு: கட்டபெட்டு முதலிய நீலகிரி மலையூர்களில்

தொட்டிப் பனை என்பது வீட்டின் உள்ளேயோ வராந்தாவிலோ அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கப்படும் பனைக் குடும்பத்துச் செடிகளின் பொதுப்பெயர். நாற்றுப்பண்ணைகளில் இவை 'பாம் செடி' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை வெப்பமண்டலத் தாவரங்கள். எனவே சமவெளியில் இவற்றை வளர்க்கும் முறையும், கட்டபெட்டு போன்ற குளிர்ந்த மலையூரில் வளர்க்கும் முறையும் வேறு வேறு. சமவெளியில் தொட்டிப் பனை பெரும்பாலும் நீர் போதாமல் வாடுகிறது. மலையில் குளிரும் ஈரமும் ஒன்றுசேர்ந்து அதன் வேரை அழுகச் செய்கின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மலையூர்ப் பராமரிப்பின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

இடமும் தட்பவெப்பமும்

கட்டபெட்டு நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டத்தில் உள்ளது. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கும் உதகைக்கும் செல்லும் சாலைகள் பிரியும் ஊர் இது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் படகர் ஊர்களான ஹட்டிகளும் உள்ளன. கோத்தகிரியும் குன்னூரும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளன. கட்டபெட்டின் தட்பவெப்பமும் இவற்றை ஒத்ததே.

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. மலையடிவாரமான மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து கட்டபெட்டுக்கு வரும் செடி ஏறத்தாழ 10 பாகை குளிர்ந்த இடத்துக்கு வந்து சேர்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் மலையின் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவதும், பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுவதும் வழக்கம்.

மழையும் கணக்கில் கொள்ள வேண்டியதே. நீலகிரியின் கிழக்குப் பகுதியில் இருப்பதால், கோத்தகிரி வட்டாரத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை முக்கியமானது. அந்த மழையின் ஈரம் காயும் முன்பே குளிர்காலம் தொடங்கிவிடுகிறது. தொட்டிப் பனைக்கு ஆண்டிலேயே ஆபத்தான காலம் இதுதான்.

பனைகளுக்கு உயரம் ஓர் எல்லை என்பதை மலைப்பாதையிலேயே பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வழியில் கல்லாறு, பர்லியாறு பகுதிகளில் கமுகுத் தோப்புகள் செழித்து நிற்கின்றன. குன்னூரை நெருங்கும்போது அவை மறைந்து தேயிலை தொடங்கிவிடுகிறது. திறந்தவெளியில் கமுகு நிற்கத் தயங்கும் உயரத்தில்தான் அதன் உறவினச் செடிகளை வீட்டுக்குள் வளர்க்கிறோம்.

பனையின் உடலமைப்பு

அரேக்கேசியே எனப்படும் பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் உள்ளன. தென்னை, பனை, கமுகு, ஈச்சை, பிரம்பு ஆகியவை அனைத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை ஒருவித்திலைத் தாவரங்கள். பராமரிப்போடு நேரடித் தொடர்புடைய மூன்று பண்புகள் இவற்றுக்கு உண்டு.

முதலாவது, ஒவ்வொரு தண்டுக்கும் உச்சியில் ஒரே ஒரு குருத்துதான் வளர்முனை. ரோஜாவையோ செம்பருத்தியையோ வெட்டினால் பக்கக்கிளை வரும். பனையின் குருத்தை வெட்டினாலோ, குருத்து அழுகினாலோ அந்தத் தண்டு மடிந்துவிடும். அடியிலிருந்து பக்கக்கன்று விடும் இனங்களில் மட்டும் மற்றத் தண்டுகள் தொடர்ந்து வளரும்.

இரண்டாவது, பனையின் வேர்கள் தண்டின் அடிப்பகுதியிலிருந்து கற்றையாகப் புறப்படுகின்றன. ஆணிவேர் நிலைப்பதில்லை. வேர்க்கற்றையை வெட்டிச் சீர்செய்வதைப் பல இனங்கள் தாங்குவதில்லை.

மூன்றாவது, தொட்டிப் பனை ஆண்டுக்குச் சில இலைகளையே விடுகிறது. குளிர்ந்த இடத்தில் அந்த எண்ணிக்கை இன்னும் குறையும். ஓர் இலை கெட்டால் அந்த இடத்தை நிரப்ப மாதங்கள் ஆகும். ஆகவே பனை வளர்ப்பில் கெட்ட பின் திருத்துவதைவிடக் கெடாமல் காப்பதே எளிது.

ஏற்ற இனங்கள்

கட்டபெட்டில் செடி பிழைப்பதும் மடிவதும் இனத் தேர்விலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

ராபிஸ் எக்செல்சா: 'லேடி பாம்' என்று விற்கப்படுவது. தென் சீனாவையும் வட வியட்நாமையும் தாயகமாகக் கொண்டது. கைவிரல்கள் போலப் பிரிந்த அடர்பச்சை இலைகளும், நார் போர்த்திய மெல்லிய தண்டுகளும் உடையது. குளிரையும் குறைந்த வெளிச்சத்தையும் நன்கு தாங்கும். அடியிலிருந்து பக்கக்கன்றுகள் விடும். மலையூர் வீட்டுக்கு முதலில் பரிந்துரைக்கத்தக்க இனம் இது.

கெண்டியா: ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான லார்ட் ஹோ தீவில் மட்டும் இயற்கையாக வளர்வது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் குளிர்ந்த, வெளிச்சம் குறைந்த வரவேற்பறைகளில் புகழ்பெற்றது. மிக மெதுவாக வளர்வதால் விலை அதிகம்.

சாமடோரியா எலிகன்ஸ்: 'பார்லர் பாம்' எனப்படுவது. மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளின் மழைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்வது. உயரம் குறைவு என்பதால் சிறிய அறைகளுக்கும் மேசைக்கும் ஏற்றது.

சீன விசிறிப் பனை: லிவிஸ்டோனா இனத்தைச் சேர்ந்தது. குளிரைத் தாங்கும். ஆனால் இலைகள் அகலமாக விரியும் என்பதால் இடம் வேண்டும். சன்னல் அறையைவிட வராந்தாவுக்கு ஏற்றது.

அரேக்கா பாம்: கடைகளில் மிகுதியாகவும் மலிவாகவும் கிடைப்பது. பெயரில் அரேக்கா இருந்தாலும் இது நம் கமுகு அன்று. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட வேறோர் இனம். டிப்சிஸ் லுட்டெசென்ஸ் என்ற பெயரால் நெடுங்காலம் அறியப்பட்டு, அண்மையில் கிரிசலிடோகார்பஸ் என்ற பழைய பேரினத்துக்கே மாற்றப்பட்டது. 10 பாகைக்குக் கீழே இதன் இலைகளில் பழுப்புத் திட்டுகள் தோன்றும். கட்டபெட்டில் இதை வளர்க்கலாம். ஆனால் வீட்டின் வெப்பமான, வெளிச்சமான அறையை இதற்கே ஒதுக்க வேண்டியிருக்கும்.

பனை என்று விற்கப்படும் சைகஸ்: 'சாகோ பாம்' என்ற பெயரில் விற்கப்படும் சைகஸ் ரெவலூட்டா பனையே அன்று. அது விதைமூடாத் தாவர வகையைச் சேர்ந்தது. அதன் எல்லாப் பகுதிகளும், குறிப்பாக விதைகள், நச்சுத்தன்மை கொண்டவை. நாய்கள் அதைக் கடித்துத் தின்றால் கல்லீரல் கெட்டு இறக்கக்கூடும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் அதைத் தவிர்க்க வேண்டும். மேலே கூறிய ராபிஸ், அரேக்கா, பார்லர் பாம் ஆகியவை நாய், பூனைகளுக்கு நஞ்சில்லாதவை.

வாங்கும் காலம்

சமவெளி நாற்றுப்பண்ணையில் வளர்ந்த செடியை நவம்பரில் மலைக்குக் கொண்டுவந்தால், மலைப்பாதையில் ஏறும் சில மணி நேரத்துக்குள் அது கோடையிலிருந்து குளிருக்கு மாறிவிடுகிறது. புதிய வேர் விடுவதற்கு வேண்டிய வெப்பம் அதற்குக் கிடைப்பதில்லை. மார்ச் முதல் மே வரை வாங்குவது நல்லது. அப்போது செடி பழகிக்கொள்ள ஆறு மாதம் கிடைக்கும். வந்தவுடன் தொட்டி மாற்றாமல், நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பண்ணைகளில் ஏற்கனவே ஒரு குளிர்காலத்தைக் கடந்த செடி கிடைத்தால் அதுவே சிறந்தது.

வெளிச்சம்

தொட்டிப் பனைகள் பல, காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்தவை. ஆகவே வடிகட்டிய வெளிச்சமே அவற்றுக்குப் போதும். ஆனால் மூடுபனியும் மழைமேகமும் சூழ்ந்த மாதங்களில் மலையூர் வீட்டின் உள்ளே அந்த அளவு வெளிச்சமும் இருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் இலை நீரை வெளியிடுவது குறையும், தொட்டி மண் காய்வதும் தாமதமாகும்.

நீலகிரி ஏறத்தாழ 11.4 பாகை வட அகலாங்கில் உள்ளது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்குச் சன்னல் வழியே வெயில் உள்ளே வரும். குளிர்காலத்தில் செடியைத் தெற்குச் சன்னலருகே நகர்த்துவது அதற்கு வெளிச்சத்தையும் வெப்பத்தையும் சேர்த்துத் தரும். மற்ற மாதங்களில் காலை வெயில் வரும் கிழக்குச் சன்னல் போதும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்திருக்கும். காற்று குளிர்ந்திருந்தாலும் மலை உயரத்தில் வெயில் கடுமையானது. உள்ளே இருந்த செடியைத் திடீரென முற்றத்தில் வைத்தால் இலைகள் வெளுத்துக் கருகும்.

நீர்

குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாகவே நீரை உறிஞ்சும். மூடுபனிக் காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் இலையும் குறைவாகவே நீரை வெளியிடும். அப்போது ஊற்றும் நீர் மண்ணின் இடைவெளிகளில் தேங்கிக் காற்றை வெளியேற்றுகிறது. உயிர்வளி கிடைக்காத வேர் நலிகிறது. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் நுண்ணுயிரிகள் அதைத் தாக்குகின்றன.

அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே ஈர மண்ணில் நிற்கும்போதே செடி தாகத்தில் வாடியதுபோல் தொங்கும். அதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றுவதே பல செடிகள் மடியக் காரணம். வாடிய செடிக்கு நீர் ஊற்றும் முன் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மண் காய்ந்திருந்தால் அது தாகம். ஈரமாக இருந்தால் வேர்க்கோளாறு.

நாட்கணக்கு வைத்து ஊற்றுவதைவிட விரலால் சோதிப்பதே நம்பகமானது. மேலிருந்து இரண்டு அங்குலம் காய்ந்த பின் ஊற்றலாம். மார்ச், ஏப்ரலில் இது வாரத்துக்கு இருமுறையாக இருக்கலாம். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் 10 முதல் 15 நாட்களுக்கு ஒருமுறையே போதுமானதாகவும் இருக்கலாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் ஈரத்தை அறிவதும் பழகிவிடும்.

குளிர்காலத்தில் இரவு முழுதும் மொட்டைமாடித் தொட்டியில் குளிர்ந்த நீரை நேராக ஊற்றக்கூடாது. முந்தைய நாளே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்த நீர் நல்லது. காலையில் ஊற்றி, அடித்தட்டில் வடிந்ததை அரைமணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். நீரை மண்ணில்தான் ஊற்ற வேண்டும், குருத்தில் ஊற்றக்கூடாது. தென்னையில் மழைக்காலத்தில் வரும் குருத்தழுகல் நோய் உழவர்கள் நன்கறிந்தது. குளிரில் குருத்துக்குள் நீர் தேங்கினால் தொட்டிப் பனைக்கும் அதே நிலை வரும்.

மண்ணும் தொட்டியும்

தேயிலைக்கு ஏற்ற நீலகிரி மண் அமிலத்தன்மை மிகுந்தது. தேயிலை விரும்பும் கார அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை. தொட்டிப் பனைகள் விரும்புவது 6 முதல் 6.5 வரை. தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் அது அமிலமாக இருப்பதோடு, நீர்பட்டு இறுகியும்விடும்.

செம்மண், மட்கிய இலையுரம், மணல் அல்லது சிறுசல்லி ஆகியவற்றைச் சம அளவில் கலப்பது மலையூருக்கு ஏற்றது. சமவெளியில் பரிந்துரைக்கப்படும் தென்னைநார்க் கழிவு நீரை நெடுநாள் பிடித்து வைப்பதால் இங்கே அதைக் குறைத்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டங்களில் அமிலத்தைக் குறைக்க இடும் டோலமைட் தூள் பனைக்கும் உதவும். அது சுண்ணாம்புச் சத்தோடு மக்னீசியத்தையும் தருகிறது. 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவில் மண் கலக்கும்போது சேர்க்கலாம்.

பிளாஸ்டிக் தொட்டியைவிடச் சுட்ட மண்தொட்டி இங்கே நல்லது. அதன் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும். செடிக்குப் பொருந்தாத பெரிய தொட்டி கூடாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிப் புளிக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏப்ரல் அல்லது மே மாதத்தில், இரண்டு அங்குலம் மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். அப்போது வேர்க்கட்டியைக் கலைக்காமல், முன்பிருந்த ஆழத்திலேயே நட வேண்டும்.

குளிர்ப் பாதுகாப்பு

உதகை அரசு தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் எனப்படும் செடிகளால் மூடிக் காப்பது வழக்கம். வெளியே வராந்தாவில் உள்ள பனைக்கும் இரவில் மெல்லிய துணியோ சாக்கோ போர்த்தி, காலையில் எடுத்துவிடலாம். பனிக்காற்று தாழ்வான இடத்தில் தேங்கும் என்பதால் தரையில் உள்ள தொட்டியைப் பலகையின் மேல் ஏற்றி வைப்பதும் பயன் தரும்.

வீட்டுக்குள் இரண்டு தவறுகள் பொதுவானவை. ஒன்று, இலைகள் இரவில் சன்னல் கண்ணாடியைத் தொட்டபடி இருப்பது. தொடும் இடத்தில் இலை குளிரால் கருகும். மற்றொன்று, செடியை ஹீட்டருக்கோ கணப்புக்கோ அருகில் வைப்பது. வறண்ட சூட்டில் இலைநுனி காய்வதோடு சிலந்திப்பேனும் பெருகும்.

உரம்

செடி வளரும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இடலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உரம் வேண்டாம். வளராத வேருக்கு இட்ட உரம் உப்பாகத் தங்கி இலைநுனியைக் கருக்கும்.

நீலகிரி வீடுகளில் எளிதாகக் கிடைப்பது டீத்தூள் கழிவு. அதை நேராகத் தொட்டியில் கொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சர்க்கரை கலந்திருந்தால் எறும்பு வரும். எறும்போடு மாவுப்பூச்சியும் வரும். கழுவி, மட்கவைத்த பின் இடுவதே முறை.

இலை காட்டும் அறிகுறிகள்

பனையில் கோளாறு எந்த வயது இலையில் தோன்றுகிறது என்பதே முதல் துப்பு.

முதிய இலைகளின் ஓரம் மஞ்சளாகி, நடுப்பகுதி பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறைவு. முதிய இலைகளில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றி நுனி காய்ந்தால் பொட்டாசியக் குறைவு. இவ்விரு சத்துகளையும் செடி முதிய இலையிலிருந்து புதிய இலைக்கு நகர்த்திக்கொள்ளும். ஆகவே பாதி மஞ்சளான இலையை அழகுக்காக வெட்டக்கூடாது. முற்றிலும் காய்ந்த பின் வெட்டலாம்.

புதிய இலை வெளிறியோ, சுருங்கிக் கருகியோ வந்தால் இரும்பு அல்லது மாங்கனீசுக் குறைவு. குளிர்ந்த, ஈரமான மண்ணில் சத்து இருந்தும் வேரால் எடுக்க இயலாமல் இது வரும். உரம் இடும் முன் மண்ணை உலரவிட்டுச் செடியை வெப்பமான இடத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

நடுக்குருத்து பழுப்பாகி, மெதுவாக இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல். ஒற்றைத் தண்டுச் செடி பெரும்பாலும் பிழைக்காது. பல தண்டுள்ள தொட்டியில் அந்தத் தண்டை மட்டும் அகற்றி மற்றவற்றைக் காக்கலாம்.

பூச்சிகள்

தேயிலையைத் தாக்கும் செஞ்சிலந்திப்பேன் வறண்ட மாதங்களில் பெருகுவதைத் தோட்டத்தார் அறிவர். தொட்டிப் பனையிலும் அதே காலத்தில் சிலந்திப்பேன்கள் தோன்றும். இலையின் அடியில் நுண்ணிய நூலாம்படையும், மேலே ஊசி குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகளும் தெரியும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் இலையின் இருபுறமும் துடைப்பது இதைத் தடுக்கும். செதில்பூச்சியையும் மாவுப்பூச்சியையும் பஞ்சால் துடைத்தெடுக்கலாம்.

மிகுந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். குளிரில் வேப்பெண்ணெய் உறைந்துவிடும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் கலக்க வேண்டும். தேயிலைக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தை வீட்டுக்குள் தெளிக்கவே கூடாது.

காற்றைத் தூய்மையாக்குமா?

1989-இல் நாசாவுக்காக பி. சி. உல்வர்டன் நடத்திய ஆய்வு, மூடிய பெட்டிக்குள் வைத்த செடிகள் சில வேதிப்பொருள்களைக் காற்றிலிருந்து நீக்குவதைக் காட்டியது. வீட்டுச்செடிகள் காற்றைத் தூய்மையாக்கும் என்ற விளம்பரங்கள் இதிலிருந்தே வளர்ந்தன. ஆனால் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட மீளாய்வு வேறு முடிவுக்கு வந்தது. கட்டடங்களில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என அது கணக்கிட்டது.

மலையூரில் இது உயிரோடு தொடர்புடைய செய்தி. குளிருக்காகச் சன்னல்களை அடைத்துவிட்டு அறைக்குள் கரி மூட்டினால் மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். எத்தனை பனைத் தொட்டிகள் இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. அறைக்குள் கரி மூட்டாமல் இருப்பதே அதற்கு வழி.

காட்டுப் பனைகள்

நீலகிரிச் சரிவுகளுக்குச் சொந்தப் பனைகள் உண்டு. கீழ்ச் சரிவுக் காடுகளில் கூந்தற்பனையும், திறந்த புல்வெளிச் சரிவுகளில் மலை ஈச்சையும் வளர்கின்றன. மலை ஈச்சையின் இலைகள் துடைப்பத்துக்குப் பயன்படுகின்றன. தென் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அரிய பனையான பென்டிங்கியா கொண்டபன்னாவின் பேரினப் பெயர், இந்தியத் தலைமை ஆளுநராக இருந்த வில்லியம் பென்டிங்கின் நினைவாக இடப்பட்டது.

இவற்றின் கன்றுகளைக் காட்டிலிருந்து பெயர்த்துத் தொட்டியில் வைக்கக்கூடாது. காப்புக்காட்டிலிருந்து செடியையோ மண்ணையோ எடுப்பது சட்டப்படி குற்றம். தவிரவும், வேர் அறுந்த காட்டுப் பனைக்கன்று தொட்டியில் பிழைப்பது அரிது. கூந்தற்பனையின் கனிச்சாறு தோலில் கடும் அரிப்பையும் உண்டாக்கும். நாற்றுப்பண்ணையில் விதையிலிருந்து வளர்க்கப்பட்ட கன்றே வீட்டுக்கு ஏற்றது.

ஆண்டுப் பராமரிப்புச் சுருக்கம்

மார்ச் முதல் மே வரை: புதிய செடி வாங்குதல், தொட்டி மாற்றுதல், உரம் தொடங்குதல், சிலந்திப்பேன் கண்காணிப்பு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: மூடுபனி நாட்களில் நீரைக் குறைத்தல், வெளிச்சமான இடத்தில் வைத்தல்.

அக்டோபர், நவம்பர்: வராந்தாத் தொட்டிகளை மழைச்சாரல் படாமல் நகர்த்துதல், வடிகால் துளையைச் சரிபார்த்தல், உரத்தை நிறுத்துதல்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: தெற்குச் சன்னலருகே வைத்தல், மிகக் குறைந்த நீர், இரவில் கண்ணாடியிலிருந்து விலக்கி வைத்தல்.

குளிர்காலம் முடியும்போது தொட்டிப் பனையில் புதிய இலை எதுவும் வந்திருக்காது. அது நோயன்று. குருத்து பச்சையாகவும் உறுதியாகவும் இருந்தால் செடி நலமாகவே இருக்கிறது. ஏப்ரல் வெப்பத்தில் அடுத்த இலை விரியும்.